தவிட்டுக்குப் போன பிள்ளை

ஊசிப்பாறைத் தோட்டத்துத் தவறணை நாற்றுப்பண்ணையில் தேயிலைக் கன்றுக்கு மண் பை நிரப்பிக்கொண்டிருந்த பூரணி, காலையிலிருந்து மனதுக்குள் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஐந்து. இன்னும் நாலு நாள் தாண்ட வேண்டும்.

தங்கை லோஜினிக்கு ஆண் பிள்ளை பிறந்து அன்றோடு ஐந்து நாள். வேறு வீடாக இருந்தால் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்து, பிளேன்டீ ஊற்றி, பிள்ளை யார் சாடை என்று சண்டையும் பிடித்திருப்பார்கள். பூரணி வீட்டில் ஆண் பிள்ளை பிறந்தால் மட்டும் லயமே வாயைப் பொத்திக்கொள்ளும். அந்த வீட்டுப் பெண்கள் வயிற்றில் பிறக்கும் ஆண் பிள்ளை ஒன்பதாம் நாளைத் தாண்டாது என்பது வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. அம்மாயிக்கு இரண்டு பையன்கள் போனார்கள். அம்மா சண்முகவடிவுக்கு ஒருவன் போனான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பூரணிக்கும் ஒருவன் பிறந்தான். அவன் எட்டாம் நாளே போய்விட்டான். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். முதலில் கண் மஞ்சளாகும், அப்புறம் உடம்பு, அப்புறம் பால் குடிக்காது. பெண் பிள்ளைகளுக்கு எந்தக் கேடும் வந்ததில்லை. பூரணியின் மகள் விதுஷிகா பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் கோப்பை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

தப்பிப் பிழைத்த ஒரே ஆண் தாய்மாமன் மூக்கன். அவருக்கு முன்னால் பிறந்த இருவரும் போய்விட்டதால், இவர் பிறந்தவுடனேயே மூக்கைக் குத்தி, பக்கத்து லயத்து நல்லமுத்து வீட்டுக்கு ஒரு சுளகு தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். எமன் வந்து தேடினால், 'இது எங்க பிள்ளை இல்லை' என்று சொல்லத் தோதாக இருக்கும் அல்லவா! பதினைந்து நாள் கழித்து அதே தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. மூக்கில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. ஏதோ பதக்கம் போல அதை எல்லாருக்கும் காட்டுவார்.

அந்த மூக்கன் மாமாதான், தலையில் பொலித்தீன் கொங்காணியைப் போட்டுக்கொண்டு மழைக்குள் சறுக்கிச் சறுக்கித் தவறணைக்கு இறங்கி வந்தார். வைகாசி மாதத்து வட்டவளைப் பக்கத்து மழை. மனுசர் கண்ணைத் திறக்க விடாது. அவர் வந்த வேகத்தைப் பார்த்ததும் பூரணியின் கையில் இருந்த மண் தானாகக் கீழே கொட்டியது.

"என்ன மாமா?"

"ஒன்னுமில்ல புள்ள, பதறாத. மிட்வைப்பம்மா வந்திருக்காங்க. புள்ளையோட கண்ணப் பாத்தாங்க. ஒடனே ஒன்னயக் கூட்டியாரச் சொன்னாங்க."

"மஞ்சளா இருக்கா?"

மாமா கொங்காணியைக் கழற்றி அவள் தலையில் போட்டார். பூரணி கையைக்கூடக் கழுவவில்லை. கங்காணியிடம் சொல்லவும் இல்லை. மலைப் படிக்கட்டில் ஏறி ஓடினாள்.

லயத்துக் காம்பிரா அறைக்குள் கூட்டமாக இருந்தது. லோஜினி கட்டிலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் கணவன் கிஷாந்த் கொழும்பில் கடை வேலை பார்க்கிறவன், லீவில் வந்திருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் போனை வைத்துக்கொண்டு நின்றான். அவன் அம்மா வேலாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கதவை மறித்து நின்றாள். பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் குடும்ப நல மருத்துவிச்சி ஜீவராணி. எல்லாருக்கும் அவள் மிட்வைப்பம்மாதான்.

"வாங்க பூரணி. இந்தா பாருங்க." ஜீவராணி பிள்ளையின் நெற்றியில் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் அரைத்த மஞ்சளின் நிறத்தில் இருந்தது. "நெஞ்சு வரைக்கும் எறங்கிருச்சு. பொறந்த புள்ளைகளுக்கு லேசா மஞ்சள் வாறது வழமைதான். இது லேசு இல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஆஸ்பத்திரி என்னத்தக் கிழிக்கும்?" என்றாள் வேலாயி. "நான் ரெண்டாம் நாளே தலையில அடிச்சிக்கிட்டேன். மூக்கக் குத்துங்க, எங்க வீட்டுக்குத் தவிட்டுக்குக் குடுங்க, நான் தூக்கிட்டுப் போயிடுறேன்னு. இந்த மகராசி கேட்டாளா? எங்க அம்மாயியோட கூரைச்சேல இருக்கு, அது காப்பாத்தும்னா. இப்பக் காப்பாத்திருச்சா? ஆம்பளப் புள்ளைய முழுங்குற வீடு இது. என் வம்சத்தையும் முழுங்கப் போகுது."

"அம்மா, சும்மா இருங்க," என்றான் கிஷாந்த்.

"நான் ஏன்டா சும்மா இருக்கணும்? இந்தப் புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா நீ இந்த வாசப்படிய மிதிக்கக்கூடாது. சொல்லிப்புட்டேன்."

பூரணி பிள்ளையைச் சுற்றியிருந்த சேலையைப் பார்த்தாள். வேலாயி சொன்னதில் பாதி பொய் இல்லையே. கூரைச்சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிள்ளையைச் சுற்றியவள் அவள்தான். அம்மாயியின் கல்யாணச் சிவப்புச் சேலை அது, அம்மா வழியாக அவளுக்கு வந்தது. அந்த வீட்டில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் ஆஸ்பத்திரித் துணியை அவிழ்த்துவிட்டு முதலில் அதில்தான் சுற்றுவார்கள். செத்துப்போன அம்மாவின் கையே பிள்ளையைத் தூக்கிக்கொண்ட மாதிரி என்பது பூரணியின் எண்ணம். லோஜினியைப் பெற்ற நாலாம் வருடம் அம்மா கண்ணை மூடிவிட்டாள். தங்கையைச் சோறூட்டி வளர்த்தவள் பூரணி. அதனால் அந்தச் சேலையின்மேல் அவளுக்கு ஒரு வெறி. அந்த ஈர மலையில் துணியில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பான் அரிக்கும். அம்மாயியும் அம்மாவும் செய்த மாதிரியே ஒவ்வொரு தீபாவளிக்கும் அதை விரித்துப் பார்த்து, மடித்து, ட்ரங்குப் பெட்டியில் கை நிறையப் பூச்சி உருண்டை போட்டு வைப்பாள். லோஜினி முழுகாமல் இருக்கிறாள் என்று கேட்ட நாளில் ஆட்டன் டவுன் கடையில் புதிதாக ஒரு முழுப் பக்கெட் வாங்கி வந்து போட்டாள். ஆசை கூடிப்போனதில் உருண்டையும் கூடிப்போனது.

"சண்ட பிடிக்க நேரமில்ல," என்று ஜீவராணி எழுந்தாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "அந்தப் பட்டுச் சேலய வைங்க, மழையில ஊறிடும்." பிள்ளையிடமிருந்து சேலையை உருவிக் கட்டிலில் போட்டுவிட்டு, தன் பையில் இருந்த புதுத் துவாயில் பிள்ளையைச் சுற்றினாள். அந்த ஒரு காரியத்தின் பெறுமதி அப்போது அவளுக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை முழுக்க உரித்துக் கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்துக்குக் கீழே படுக்க வைத்தார்கள். குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வார்ட்டு டொக்டர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கேஷிகா என்று சட்டையில் எழுதியிருந்தது. பூரணிக்கு அந்த முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"மஞ்சள் ரொம்பக் கூடுதலா இருக்குமா. ரத்தமும் கொறஞ்சிருக்கு. ஒடம்புக்குள்ளேயே ரத்தம் ஒடஞ்சுக்கிட்டு இருக்கு. ஏன்னு பாக்கணும். நாளைக்குக் காலையில இது எறங்கலைனா முழு ரத்தத்தையும் மாத்த வேண்டி வரும்."

"மாத்தலைனா?" என்று கேட்டான் கிஷாந்த்.

"மூளையில ஏறிடும்," என்றார் டொக்டர். நல்லதோ கெட்டதோ, முகத்துக்கு நேரே சொல்கிற ஆள். "புள்ளைக்கு வீட்டுல ஏதும் மருந்து குடுத்தீங்களா? நாட்டு மருந்து, வசம்பு, எண்ணெய், எதா இருந்தாலும் மறைக்காமச் சொல்லுங்க. ஏச மாட்டேன்."

"ஒன்னுமே குடுக்கலைங்க," என்றாள் பூரணி. "தாய்ப்பால் மட்டுந்தான்."

"அம்மாவுக்கும் புள்ளைக்கும் ரத்த வகை ஒன்னுதான். கிருமியும் இல்ல." டொக்டர் தனக்குள் பேசுகிற மாதிரிச் சொன்னார். "இதுக்கு முந்தி வீட்டுல யாருக்கும் இப்படி ஆயிருக்கா?"

பூரணி வேலாயியைப் பார்த்தாள். வேலாயி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சுருக்கமாகத்தான் சொன்னாள் பூரணி: அம்மாயிக்கு இரண்டு, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எல்லாம் ஆண் பிள்ளை. எல்லாம் மஞ்சள். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு குழாயில் இரத்தம் எடுத்து, கண்டிக்கு அனுப்பச் சொன்னார்.

மறுநாள் காலையில் மஞ்சள் ஏறவில்லை. இறங்கவும் இல்லை, நின்ற இடத்தில் நின்றது. அதற்கே கிஷாந்த் கோவில் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தான். கொஞ்சம் இரத்தம் ஏற்றினார்கள். ஏழாம் நாள் காலையில் மஞ்சள் இறங்கத் தொடங்கியது. பிள்ளை வாய் வைத்துப் பால் இழுத்தான். லோஜினி, "அக்கா, கடிக்கிறான்க்கா," என்று சொல்லி இரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

பூரணியால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. ஏழுதானே ஆகிறது. அவளுடைய பையனும் ஏழாம் நாள் ஒரு தடவை நன்றாகப் பால் குடித்தான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வர மத்தியானமாகிவிட்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு அவனைக் கூரைச்சேலையில் இறுக்கிச் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். பதினெட்டு வருடமாக அந்தக் கனம் நெஞ்சிலிருந்து இறங்கவே இல்லை. என்ன பாவம் செய்தோம், பால்தான் விஷமா, வயிறுதான் விஷமா என்று கேட்காத நாளில்லை. கணவன் வீரய்யா நல்ல மனுசன். ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. அவன் பேசாமல் இருந்ததுகூட அவளைக் குத்தியது.

நீல வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பிள்ளையைத் தாயிடம் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னதுதான் தாமதம், பூரணி பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். எட்டும் ஒன்பதும் வருகிறது. வெறும் ஆஸ்பத்திரித் துணியில் பிள்ளையை எப்படி விடுவது? கட்டிலில் கிடந்த கூரைச்சேலையை மடித்தாள். மழைக்காலத்தில் வெளியே கிடந்ததால் பூச்சி அரித்திருக்குமோ என்று பயந்து, பெட்டியில் மிச்சமிருந்த நாலு உருண்டையையும் மடிப்புக்குள் வைத்து ஒரு பையில் போட்டாள். மாமாவும் கூடவே கிளம்பினார்.

வார்ட்டு வாசலில் டொக்டர் கேஷிகா எதிரே வந்தார். இரண்டு எட்டு நடந்து போனவர் அப்படியே நின்றார். மூக்கை உறிஞ்சினார். திரும்பி வந்தார்.

"அம்மா, அந்தப் பையில என்ன?"

"எங்க அம்மாயியோட சேலைங்க. புள்ளைக்குச் சுத்துறதுக்கு."

"குடுங்க பாப்போம்." பையைத் திறந்த டொக்டர் முகத்தைச் சுளித்தார். உருண்டை ஒன்றை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது பூரணிக்குத் தெரிந்தது. "இது ஆட்டன்ல எங்கப்பா கடை வாசம். சாமான் கட்டுற அறையில இந்தப் பக்கெட்டுக்கு மேலதான் உக்காந்து பாடம் படிச்சிருக்கேன். அம்மா, புள்ள வீட்டுல இருந்தப்போ இதுலயா சுத்தி வச்சிருந்தீங்க?"

"ஆமாங்க. ரெண்டாம் நாள்ல இருந்து."

"உங்க மகனையும்?"

"ஆமாங்க. எல்லாப் புள்ளையையும் இதுலதான்."

டொக்டர் பையை இறுக்கிக் கட்டி நர்ஸிடம் கொடுத்து வெளியே தூரமாக வைக்கச் சொன்னார். அப்புறம் வராந்தாவில் இருந்த வாங்குப் பலகையில் பூரணியை உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். லோஜினியையும் கிஷாந்தையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாமலே வேலாயியும் வந்தாள்.

"சில பேரோட ரத்தத்துல ஒரு பொருள் கொறவா இருக்கும்," என்று தொடங்கினார் டொக்டர். "ரத்தத்துல இருக்கிற செவப்பு அணுவுக்கு அதுதான் காவல். ஜீ சிக்ஸ் பீடின்னு பேரு. அது கொறவா இருந்தாலும் சும்மா இருக்கையில ஒன்னும் ஆகாது. நல்லாத் திரியலாம், நல்லாச் சாப்பிடலாம். ஆனா சில மருந்து, சில சாமான் பட்டா ரத்தம் ஒடையும். அதுல ஒன்னு இந்தப் பூச்சி உருண்டை. பச்சப் புள்ள இதோட வாசத்தையே ரெண்டு நாள் மூச்சுல இழுத்தாப் போதும்."

மழை தகரத்தில் அடித்தது.

"அப்ப ஏன் டொக்டர் பொட்டப் புள்ளைகளுக்கு ஒன்னும் ஆகல?" என்று கேட்டான் கிஷாந்த். "அக்காவோட மகளையும் இதுலதானே சுத்தினாங்க."

டொக்டர் ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் கோடு கோடாக வரைந்தார். "நம்ம ஒடம்பு எப்படி இருக்கணும்னு எழுதி வச்சிருக்கிற ஏடு மாதிரி உள்ளுக்குள்ள நிறமூர்த்தம்னு, அதான் குரோமோசோம், ஒன்னு இருக்கு. பாதி அம்மா குடுக்கிறது, பாதி அப்பா குடுக்கிறது. அதுல எக்ஸ்னு ஒன்னு. பொம்பளைகளுக்கு எக்ஸ் ரெண்டு. ஒன்னுல பிழை இருந்தா மத்தது அனேகமாச் சமாளிச்சுக்கும். ஆம்பளைக்கு இருக்கிறது ஒரே ஒரு எக்ஸ். அதையும் அம்மாதான் குடுக்கிறா. அதுல பிழை வந்துட்டா முட்டுக் குடுக்க ஆள் இல்ல."

"ஆக, அவங்க வழியாத்தான் வந்திருக்கு," என்றாள் வேலாயி. பெரிய குரலில் சொல்லவில்லை. ஆனாலும் பூரணிக்கு நெஞ்சில் இடித்தது.

"வழி அவங்க வழிதான். உங்க வழியா வேற என்னென்ன வந்திருக்குன்னு தேடினா அதுவும் ஒரு கட்டு இருக்கும், எங்க வழியாவும் இருக்கும்," என்றார் டொக்டர். "இது சாபம் கெடயாது. இது மட்டும் ஆளக் கொல்லவும் கொல்லாது. கொன்னது அந்த உருண்டை."

அதுவரை ஓரமாக நின்ற மூக்கன் மாமா முன்னால் வந்தார். "டொக்டரம்மா, அப்ப நான் எப்படித் தப்பினேன்? நானும் இவங்க அம்மாயி வயித்துலதான் பொறந்தேன். இந்தா பாருங்க," என்று மூக்கைத் திருப்பிக் காட்டினார். தவிட்டுக் கதையை நல்லமுத்து வீட்டு ஆட்டுக்குட்டி வரைக்கும் விஸ்தாரமாகச் சொன்னார். டொக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப பதினஞ்சு நாளும் அவங்க வீட்டுலயா இருந்தீங்க?"

"ஆமா. எங்கம்மா போய் வேலிப் பக்கமா நின்னு பால் குடுத்துட்டு வருமாம். வெல முடிஞ்ச புள்ளையாச்சே, வீட்டுக்குக் கொண்டாரக் கூடாது."

"என்ன துணியில சுத்தியிருந்தாங்க?"

"நல்லமுத்து வீட்டுல என்ன பட்டா இருந்துச்சு? கோதுமை மாவுச் சாக்குதான். கிழிச்சி, தொவச்சி, அதுலதான் கெடந்தேனாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் மாமாவுக்கே விளங்கியது. கை தானாகப் போய் மூக்கு ஓட்டையைத் தடவியது. ஐம்பத்தெட்டு வருடமாக அந்த ஓட்டைக்குக் கொடுத்துவந்த மரியாதை முழுக்க ஒரு மாவுச் சாக்குக்குப் போய்விட்டது.

"உங்களுக்கும் ரத்தம் பாப்போம்," என்றார் டொக்டர். "முந்தி எப்பவாவது மருந்து குடிச்சு மஞ்சளாகியிருக்கா?"

"ஒருக்கா என்னமோ குளுசை குடுத்தாங்க. தேத்தண்ணி நெறத்துல ஒன்னுக்குப் போச்சு. பயந்து நிப்பாட்டிட்டேன்."

"நல்ல வேல செஞ்சீங்க."

பூரணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் மனம் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சேலை. அந்த இறுக்கம். நெஞ்சோடு வைத்திருந்த அந்த எட்டாம் நாள்.

"அப்படின்னா நான்தான்," என்றாள். "என் கையாலதான் சுத்தினேன். என் புள்ளைய நானே..." வார்ட்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி உடைந்து அழுதாள். பதினெட்டு வருடத்து அழுகை அது.

லோஜினி அக்காவைக் கட்டிக்கொண்டாள். டொக்டர் அவள் தோளில் கை வைத்தார். "நீங்க குளிருக்குச் சுத்தினீங்கம்மா. தெரிஞ்சா சுத்தினீங்க? அன்னைக்கு இத யாரும் உங்களுக்குச் சொல்லல. உங்க பால்ல கொற இல்ல, உங்க வயித்துல கொற இல்ல. அத மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க."

பூரணி கேட்டுக்கொண்டாள். அழுது ஓய்ந்த பிறகும் அந்த இரண்டு வாக்கியங்களையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பால்ல கொற இல்ல. வயித்துல கொற இல்ல. நெஞ்சில் துக்கம் இருந்தது. ஆனால் இத்தனை வருடம் அதோடு ஒட்டிக்கிடந்த பயம் இல்லை. துக்கத்தை மட்டும் தூக்குவது இவ்வளவு இலேசா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"டொக்டர், இது எங்க வீபிக் கன்னு மாதிரியா?"

"அது என்னம்மா? எனக்குத் தேயிலைய பக்கெட்டுலதான் தெரியும்."

"தாய்ச்செடியில ஒரு எல, ஒரு கணுன்னு வெட்டி பையில நட்டு வளக்கிறது. ஒரு சாதித் தாய்ச்செடிக்குப் பனியில கொப்புள நோய் சுருக்காப் பிடிக்கும். அதுல வெட்டுன கன்னுக்கும் பிடிக்கும். அதுக்காகக் கன்னப் பிடுங்கி வீச மாட்டோம். பனி மலையில நடாம, வெயில் படுற மலையாப் பாத்து நடுவோம். நல்லாக் கொழுந்து குடுக்கும்."

டொக்டர் அதைப் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "சரியாத்தான் சொல்றீங்க. ஒரே வித்தியாசம், மனுசப் புள்ள எல்லாமே தாயோட அச்சு இல்ல. ரெண்டுல ஒரு பையனுக்குத்தான் வரும். மத்தபடி இனிமே இதையே எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன். நீங்க சொன்னதாச் சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லுங்க," என்றார் மூக்கன் மாமா, அவளை முந்திக்கொண்டு.

கண்டியிலிருந்து பதில் வந்தபோது எல்லாம் டொக்டர் சொன்னபடியே இருந்தது. மாமாவுக்கும் அதே குறைதான். ஒன்பதாம் நாள் வந்தது. அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. வீரய்யாகூடப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் வந்து குந்திக்கொண்டிருந்தான். பிள்ளை அதையெல்லாம் சட்டை செய்யாமல் தூங்கி எழுந்து, குடித்து, நர்ஸின் வெள்ளைச் சட்டையை நனைத்து, மறுபடி தூங்கினான். பொழுது சாயும்போது வீரய்யா பூரணியிடம் வந்து, "தாண்டிட்டான்," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனும் இத்தனை வருடம் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதின்மூன்றாம் நாள் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தொடக்கூடாத மருந்துகள் எழுதிய தாளைக் கிஷாந்த் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினான். ட்ரங்குப் பெட்டியைப் பூரணி முதல் நாளே சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். லயத்தில் பதினாறு காம்பிராவிலும் புகுந்து பூச்சி உருண்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டாள். "என் பொட்டியில என்ன போடுறதுன்னு இவ யாரு சொல்றதுக்கு?" என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். பூரணி அசையவில்லை. பிள்ளை பார்க்க வந்த ஒவ்வொருவரையும் வாசலிலேயே நிறுத்தி, தோளில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். விதுஷிகா அம்மாவுக்குப் பொலிஸ் நாய் என்று பெயர் வைத்தாள்.

கூரைச்சேலையைப் பீலிக் குழாய்த் தண்ணீரில் மூன்று நாள் மாறி மாறி அலசிக் கொடியில் போட்டிருந்தாள். வாசம் போன மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் அதைப் பிள்ளைக்குக் கிட்டே கொண்டுவரவில்லை. அது அங்கேயே காற்றில் ஆடிக்கொண்டிருக்கட்டும்.

வேலாயி வந்தாள். கையில் ஒரு சுளகு, அதில் தவிடு.

"இது எதுக்கு அத்த?" என்றாள் பூரணி. "அதான் டொக்டர் சொல்லிட்டாங்களே."

"டொக்டர் என்ன சொன்னா? மூக்கன் தவிட்டுக்குப் போனதாலதானே தப்பினான்? அந்தச் சேலையில படாம, அடுத்த வீட்டுல கெடந்ததாலதானே? அப்ப நான் சொன்னது சரிதானே? அன்னைக்கே எனக்கு வித்திருந்தீங்கன்னா புள்ளைக்கு இந்தக் கஷ்டமே இல்ல."

யோசித்துப் பார்த்தால் அது நூற்றுக்கு நூறு உண்மை. பூரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா அத்த. நீங்க சொன்னது சரிதான்."

இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று வேலாயி நினைத்திருக்கவில்லை. சுளகைக் கீழே வைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "நானும் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். புள்ளைய முழுங்குற வீடுன்னேன். மனசுல வச்சுக்காத பூரணி. எனக்கும் பயந்தான்."

"எனக்கும் பயந்தான் அத்த. உள்ள வாங்க." சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் அவள் தோளையும் ஒருதடவை மோந்து பார்த்தாள்.

தவிட்டை ஆட்டுக்குப் போட்டார்கள். பெயர் வைக்கிற பேச்சு வந்தது. மூக்கு குத்தாவிட்டாலும் மூக்கன் என்றாவது கூப்பிடலாம் என்றாள் வேலாயி. மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் தாயி. பள்ளிக்கூடத்துல நான் பட்ட பாடு போதும். இந்தப் பேரு என்னோடயே போகட்டும்."

லோஜினி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். "அக்கா, ஒன்னோட பையனுக்கு என்ன பேரு வைக்க நெனச்சிருந்தே?"

பதினெட்டு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. பெயர் வைக்கிற நாளுக்கு முன்னாலேயே அவன் போய்விட்டதால் அவனுக்குப் பெயர் இல்லை என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவளும் வீரய்யாவும் மட்டும் ஒரு பெயரைத் தெரிவு செய்து, ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். பூரணி வாசலில் நின்ற வீரய்யாவைப் பார்த்தாள். அவன் சொல்லு என்பது போலத் தலையை ஆட்டினான்.

"விஜிதரன்," என்றாள்.

எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்கிறாள்! லோஜினி குனிந்து பிள்ளையின் காதில் அதை மூன்று தடவை சொன்னாள். பிறகு பிள்ளையைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தாள். ஜீவராணி கொடுத்த துவாயில் சுற்றியிருந்த பிள்ளை, ஆறிப்போன பால் வாசத்தோடு, நல்ல சிவப்பாகக் கொட்டாவி விட்டான்.

"விஜிதரா," என்று பூரணி கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, தூங்கிவிட்டான். பரவாயில்லை, இனி எத்தனையோ தடவை கூப்பிடலாம்.